எலியிடம் என்ன கேட்கிறோம்? – சிறுநீரக, இதய மருந்துகளின் முன்னாய்வு குறித்து

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பமிட்ட வடிவம். திரையில் காட்டிய படங்களையும் இறுதியில் நடந்த கேள்வி–பதிலையும் விலக்கியிருக்கிறேன். எண்ணிட்ட கருத்துகள் பேசிய வரிசையிலேயே உள்ளன.)



ஒரு மருந்து மனிதருக்குக் கொடுக்கப்படுவதற்கு முன் செல்களிலும் திசுக்களிலும் விலங்குகளிலும் நடக்கும் சோதனைகளை ஆய்வுக்கூடங்களில் பிரீகிளினிக்கல் ஆய்வு என்கிறோம். இன்று சுருக்கமாக முன்னாய்வு என்று சொல்கிறேன். சிறுநீரகம், இதயம் ஆகிய இரண்டு உறுப்புகளின் நோய்களுக்கு நடந்த முன்னாய்வுகள் எங்கே வென்றன, எங்கே நம்மைக் கைவிட்டன என்பதே என் பொருள்.

இரண்டு உறுப்புகளையும் ஏன் சேர்த்துப் பேச வேண்டும்? லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட் 1836-இல் ஒரு செய்தியைக் குறித்து வைத்தார். சிறுநீரில் புரதம் கசிந்து இறந்தவர்களின் உடல்களைத் திறந்து பார்த்தபோது, பலருடைய இதயத்தின் இடப்பக்கச் சுவர் தடித்திருந்தது. ரத்த அழுத்தத்தை அளக்கும் கருவி அப்போது மருத்துவர் கைக்கு வரவில்லை. 1898-இல் ஸ்டாக்ஹோமில் டீகர்ஸ்டெட்டும் பெர்க்மனும் முயலின் சிறுநீரகச் சாற்றை இன்னொரு முயலுக்குச் செலுத்தினார்கள். ரத்த அழுத்தம் ஏறியது. அந்தப் பொருளுக்கு ரெனின் என்று பெயரிட்டார்கள். 1934-இல் கோல்ட்பிளாட், நாயின் சிறுநீரகத் தமனியை ஒரு சிறு கவ்வியால் நெருக்கி, நிலைத்த உயர் ரத்த அழுத்தத்தை உண்டாக்கினார். இதயம் நிமிடத்துக்கு வெளித்தள்ளும் சுமார் 5 லிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. ஒன்றில் ஏற்படும் கோளாறு இன்னொன்றை விட்டுவைப்பதில்லை. நாட்பட்ட சிறுநீரக நோயாளிகளில் பலர் டயாலிசிஸ் நிலையை எட்டும் முன்பே இதயநோயால் இறக்கிறார்கள் என்பதை இந்த அவையிலுள்ள மருத்துவர்கள் நன்கு அறிவார்கள்.

நான் நிறுவ விரும்பும் கருத்து ஒன்றே ஒன்று. விலங்கிடம் “இந்த மருந்து நோயைத் தீர்க்குமா?” என்று கேட்ட இடங்களில் நாம் பலமுறை ஏமாந்திருக்கிறோம். “இந்த உறுப்புக்குள் என்ன நடக்கிறது?” என்று கேட்டு, பொறுமையாக அளந்த இடங்களில் கிடைத்த விடை மனிதரிடமும் நிலைத்து நின்றிருக்கிறது. ஆகவே முன்னாய்வின் தரம் எத்தனை எலி பிழைத்தது என்பதைக் காட்டிலும், எலியிடம் என்ன கேட்டோம் என்பதைப் பொறுத்தது.

1. உள்ளே இருக்கும் அழுத்தம்

என் முதல் சான்று நீளமானது. இந்தத் துறையின் மிகச் சிறந்த வேலை என்று நான் கருதுவது இதைத்தான்.

பிரேசில் நாட்டில் ஜராராகா என்றொரு விரியன் பாம்பு உண்டு. அது தீண்டியவரின் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். அந்த நஞ்சு ரத்தத்தில் பிராடிகைனின் என்ற பொருளை உண்டாக்குகிறது என்று ரோச்சா இ சில்வாவும் அவருடைய குழுவினரும் 1940களின் இறுதியில் கண்டறிந்தார்கள். பிராடிகைனினின் ஆற்றலைப் பெருக்கும் பொருளும் அதே நஞ்சில் இருக்கிறது என்று செர்ஜியோ ஃபெரெய்ரா 1965-இல் வெளியிட்டார். நஞ்சோடு அவர் லண்டனுக்கு, ஜான் வேனின் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். அங்கிருந்த பாக்ளே, ஆஞ்சியோடென்சின் 1-ஐ வீரியமுள்ள ஆஞ்சியோடென்சின் 2-ஆக மாற்றும் நொதியை அந்த நஞ்சுப் பொருள் முடக்குவதை நாயின் நுரையீரல் சாற்றில் காட்டினார். அந்த நொதியைத்தான் ஏசிஇ என்கிறோம். நஞ்சிலிருந்து கிடைத்த பெப்டைடை ஊசியாக மட்டுமே போட முடியும். அந்த நொதியின் செயல்மையம் எப்படி இருக்கும் என்று ஊகித்து, அதில் பொருந்தும் சிறு மூலக்கூறு ஒன்றை ஸ்குவிப் நிறுவனத்தின் குஷ்மனும் ஒண்டெட்டியும் 1975-இல் வடித்தெடுத்தார்கள். அதுவே கேப்டோபிரில். 1981-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இதுவரை இது ரத்த அழுத்த மாத்திரையின் கதை. இதைச் சிறுநீரகத்தைக் காக்கும் மருந்து வகையாக மாற்றியவை பாஸ்டன் நகரத்து எலிகள்.

ஒரு சிறுநீரகத்தை முழுதாக எடுத்து, மற்றதில் மூன்றில் இரண்டு பங்கை அழித்துவிட்டால், எலியிடம் எஞ்சுவது ஆறில் ஒரு பங்கு. புதிதாக எந்த நோயையும் நாம் கொடுக்கவில்லை. ஆனாலும் எஞ்சிய பகுதி சில மாதங்களில் தழும்பேறி அழிகிறது. ஏன்? பேரி பிரென்னர் இதற்கு விடை தேட மியூனிக்–விஸ்டார் வகை எலியை எடுத்துக்கொண்டார். ரத்தத்தை வடிகட்டும் குளோமெருலஸ் முடிச்சுகளில் சில அந்த எலிக்குச் சிறுநீரகத்தின் மேற்பரப்பிலேயே இருக்கும். நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே, தலைமுடியைவிடப் பன்மடங்கு மெல்லிய கண்ணாடிக் குழாயை அதற்குள் செலுத்தி, உள்ளே உள்ள அழுத்தத்தை நேரடியாக அளக்கலாம். பிரென்னரின் குழுவைச் சேர்ந்த ஹோஸ்டெட்டர் முதலானோர் 1981-இல் வெளியிட்ட முடிவு இது: எஞ்சிய ஒவ்வொரு நெஃப்ரானும், அதாவது வடிகட்டும் அலகும், தன் வழக்கமான அளவைவிட மிக அதிகமாக வடிகட்டுகிறது, அதற்குள் அழுத்தமும் ஏறியிருக்கிறது. இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு படுத்துவிட்டால் மற்ற மாடு முழுப் பாரத்தையும் இழுத்து ஓய்ந்துபோவதைப் போல, இழப்பை ஈடுகட்டும் முயற்சியே எஞ்சியதை அழிக்கிறது.

அடுத்து நடந்த சோதனை, மாணவர்கள் ஒவ்வொருவரும் படித்தறிய வேண்டிய ஒன்று. ஆண்டர்சன் முதலானோர் 1986-இல் வெளியிட்டது. ஆறில் ஒரு பங்கு சிறுநீரகம் கொண்ட எலிகளில் இரண்டு அணிகளுக்கு மருந்து கொடுத்தார்கள். ஓர் அணிக்கு ஏசிஇ தடுப்பியான எனாலாபிரில். இன்னோர் அணிக்கு ரெசர்பைன், ஹைட்ரலசைன், ஹைட்ரோகுளோரோதயசைடு என மூன்று மருந்துகளின் கூட்டு. இரண்டு அணிகளிலும் உடலின் ரத்த அழுத்தம் ஒரே அளவுக்குக் குறைந்தது. ஆனால் குளோமெருலஸுக்குள் இருந்த அழுத்தத்தை எனாலாபிரில் மட்டுமே குறைத்தது. அந்த அணியின் சிறுநீரகங்களே காப்பாற்றப்பட்டன. மூன்று மருந்துக் கூட்டு பெற்ற எலிகளுக்குப் புரதக்கசிவும் தழும்பும் தொடர்ந்தன.

கையில் கட்டி அளக்கும் ரத்த அழுத்தம் சரியாக இருக்கும்போதே சிறுநீரகத்துக்குள் அழிவு நடந்துகொண்டிருக்கலாம் என்பது அந்த எலி சொன்ன விடை. முடிச்சிலிருந்து ரத்தம் வெளியேறும் நுண்தமனியை ஆஞ்சியோடென்சின் 2 இறுக்குகிறது. ஏசிஇ தடுப்பி அந்த இறுக்கத்தைத் தளர்த்துகிறது. இவ்வளவு தெளிவான காரணம் கையில் இருந்ததால்தான் மனிதச் சோதனையைச் சரியாக வடிவமைக்க முடிந்தது. 1993-இல் லூயிஸ் தலைமையில், முதல் வகை நீரிழிவால் சிறுநீரகம் பாதித்த 409 பேரிடம் கேப்டோபிரில் சோதிக்கப்பட்டது. மரணம், டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டால் அபாயம் பாதியாகக் குறைந்தது. ரத்த அழுத்தக் குறைவு என்ற ஒரே காரணத்தால் இந்தப் பலனை விளக்க முடியவில்லை. எலி முன்பே அதைச் சொல்லியிருந்தது.

அதே பாஸ்டனில், அதே காலத்தில், மார்க் ஃபெஃபரும் ஜானிஸ் ஃபெஃபரும் எலியின் இதயத் தமனியை முடிச்சிட்டு மாரடைப்பை உண்டாக்கினார்கள். மாரடைப்புக்குப் பிறகு இதயம் எப்படி விரிந்து உருமாறுகிறது என்பதைத்தான் அவர்கள் அளந்தார்கள். கேப்டோபிரில் அந்த விரிவைத் தடுத்தது. எலிகள் நெடுநாள் வாழ்ந்தன. 1992-இல் வெளிவந்த சேவ் ஆய்வில், மாரடைப்பால் இதயம் பலவீனமான 2,231 நோயாளிகளிடம் இறப்பு அபாயம் 19 விழுக்காடு குறைந்தது.

2. ஆப்பிள் மரப்பட்டை

1835-இல் ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து ஃபுளோரிசின் என்ற கசப்புப் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. 1886-இல் ஜோசப் ஃபான் மேரிங், அதைக் கொடுத்தால் சிறுநீரில் சர்க்கரை வெளியேறுவதைக் காட்டினார். ஒரு நாளைக்கு நம் சிறுநீரகங்கள் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. அதோடு வரும் ஏறத்தாழ 180 கிராம் குளுக்கோஸ் முழுவதும் மீண்டும் ரத்தத்துக்கே உறிஞ்சப்படுகிறது. அந்த வேலையில் பெரும்பங்கைச் செய்யும் கடத்திப் புரதம் எஸ்ஜிஎல்டி2. ஃபுளோரிசின் அதைத் தடுக்கிறது.

1987-இல் ரோசெட்டி, டிஃபிரான்சோ முதலானோர், கணையத்தின் பெரும்பகுதியை நீக்கிய எலிகளுக்கு ஃபுளோரிசின் கொடுத்து, சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றினாலே இன்சுலினுக்கு உடல் மீண்டும் செவிசாய்க்கிறது என்று நிறுவினார்கள். நீரிழிவு மருந்தாக இந்த வகை உருவானதற்கு இதுவே அடித்தளம். குடலில் சிதையாத, எஸ்ஜிஎல்டி2-ஐ மட்டும் குறிவைக்கும் மூலக்கூறுகள் பின்னர் வந்தன. டபாகிளிஃப்ளோசின் 2012-இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது.

நான் வற்புறுத்த விரும்புவது இன்னொரு ஆய்வை. 1999-இல் வாலன், தாம்சன் முதலானோர் நீரிழிவு எலிகளின் நெஃப்ரான்களில் நுண்குழாய் செலுத்தி அளந்தார்கள். நீரிழிவில் குளுக்கோஸோடு சேர்ந்து சோடியமும் முன்குழாயிலேயே மிகுதியாக உறிஞ்சப்படுகிறது. அதனால் நெஃப்ரானின் பிற்பகுதியில் உள்ள உணர்பகுதிக்குக் குறைந்த உப்பே போய்ச் சேருகிறது. வடிகட்டல் போதவில்லை என்று அது தவறாக உணர்ந்து, ரத்தம் நுழையும் நுண்தமனியைத் திறந்துவிடுகிறது. முடிச்சுக்குள் அழுத்தம் ஏறுகிறது. இந்தச் சங்கிலியை அறுக்க முடியும் என்பதற்கான காரணம் அன்றே எழுத்தில் இருந்தது. வெளியேறும் வாசலைத் திறப்பது ஏசிஇ தடுப்பி. நுழையும் வாசலை ஒடுக்குவது எஸ்ஜிஎல்டி2 தடுப்பி. இரண்டும் ஒரே அழுத்தத்தைத்தான் இறக்குகின்றன.

ஆனால் இந்த மருந்துகள் சர்க்கரையைக் குறைக்கும் மருந்துகளாகவே வளர்ந்தன. நீரிழிவு மருந்துகள் இதயத்துக்குத் தீங்கு செய்யவில்லை என்று நிறுவ வேண்டும் என 2008-இல் அமெரிக்க எஃப்டிஏ வழிகாட்டுதல் வெளியிட்டதால்தான், எம்பாகிளிஃப்ளோசினை 7,020 பேரிடம் சோதித்தார்கள். 2015-இல் முடிவு வந்தது: இதயநோய் மரணம் 38 விழுக்காடும், இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்வது 35 விழுக்காடும் குறைந்திருந்தன. 2019-இல் கிரெடென்ஸ் ஆய்வு நீரிழிவுச் சிறுநீரக நோயிலும், 2020-இல் டபா–சிகேடி ஆய்வு நீரிழிவு இல்லாதவர்களின் சிறுநீரக நோயிலும் இந்த மருந்து வகையின் பலனை உறுதிசெய்தன.

சிறுநீரகத்துக்கான காரணத்தை எலி முன்கூட்டியே சொன்னது. இதயத்துக்கான பலனைப் பெரும்பாலான முன்னாய்வுகள் எதிர்பார்க்கவில்லை. இதயத் தசையில் எஸ்ஜிஎல்டி2 குறிப்பிடத்தக்க அளவில் இல்லை என்பதால் அங்கே தேடியவர்கள் மிகச் சிலரே. நீரிழிவு எலிகளைப் பல ஆண்டுகள் கையில் வைத்திருந்த ஆய்வுக்கூடங்கள், அதே எலிகளின் இதயத்தையும் அளந்திருந்தால் பல ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

3. எண் ஏறியது, நோயாளி தளர்ந்தார்

ஏசிஇ தடுப்பியையோ எஸ்ஜிஎல்டி2 தடுப்பியையோ தொடங்கிய முதல் சில வாரங்களில் வடிகட்டும் வேகம் சற்றுக் குறையும். கிரியேட்டினின் சற்று ஏறும். முடிச்சுக்குள் அழுத்தம் இறங்கியதன் அடையாளம் அது. ஏசிஇ தடுப்பி தொடங்கிய நான்கு வாரங்களுக்குள் கிரியேட்டினின் உயர்வு 30 விழுக்காட்டைத் தாண்டாவிட்டால் மருந்தைத் தொடரலாம் என்று பன்னாட்டு வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. இதைப் பார்த்துப் பயந்து மருந்தை நிறுத்திவிடும் பழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. நிறுத்துவதற்கு முன் இந்த எலிகளை நினைத்துப் பாருங்கள் என்று மருத்துவ நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இதற்கு நேர் எதிரான நடத்தை கொண்ட மருந்து பார்டாக்சலோன். செல்களின் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பைத் தூண்டும் என்.ஆர்.எஃப்.2 பாதையை அது முடுக்குகிறது, அழற்சியைத் தணிக்கிறது. 2011-இல் வந்த 227 பேரின் ஆய்வில், மதிப்பிடப்பட்ட வடிகட்டும் வேகம் மருந்தளவுகளுக்கேற்ப நிமிடத்துக்குச் சுமார் 10 மில்லிலிட்டர் வரை ஏறி, ஓராண்டு நிலைத்தது. நாட்பட்ட சிறுநீரக நோயில் அந்த எண் ஏறுவது என்பது அதுவரை கேள்விப்படாதது. உலகமே மகிழ்ந்தது. இரண்டாம் வகை நீரிழிவும் நான்காம் நிலைச் சிறுநீரக நோயும் உள்ள 2,185 பேரிடம் பீக்கன் ஆய்வு தொடங்கியது. 2012 அக்டோபரில் பாதுகாப்புக் காரணத்துக்காக அது நிறுத்தப்பட்டது. இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்ந்தவர்களும் அதனால் இறந்தவர்களும் மருந்து பெற்ற அணியில் 96 பேர். மற்ற அணியில் 55 பேர். எண் ஏறியபோதே ரத்த அழுத்தமும் சிறுநீரில் ஆல்புமினும் ஏறியிருந்தன.

இந்த மருந்துக்கு உறவான ஒரு மூலக்கூறைப் பருத்த நீரிழிவு எலிகளுக்குக் கொடுத்த இத்தாலிய ஆய்வொன்று, புரதக்கசிவும் தழும்பும் மோசமடைந்ததாகச் சொன்னது. பயன்படுத்திய பொருளின் தூய்மை குறித்து அதன்மேல் விவாதம் எழுந்தது. அந்த விவாதத்தில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. என் கவலை வேறு. அந்த எலி ஆய்வு அச்சானது 2013-இல், மனித ஆய்வு நின்ற பிறகு. வடிகட்டும் வேகம் ஏறினால் முடிச்சுக்குள் அழுத்தமும் ஏறுகிறதா என்ற கேள்விக்கு 1981 முதல் கருவியும் எலியும் காத்திருந்தன. ஆயிரக்கணக்கான நோயாளிகளைச் சேர்ப்பதற்கு முன் அந்தக் கேள்விக்குப் பொதுவெளியில் விடை இருந்திருக்க வேண்டும்.

அவோசென்டான் என்ற எண்டோதெலின் தடுப்பியின் கதையும் இதை ஒட்டியதே. புரதக்கசிவை 40 விழுக்காட்டுக்கு மேல் குறைத்தது. ஆனால் 1,392 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, உடலில் நீர் தேங்கி இதயச் செயலிழப்பு பெருகியதால் சில மாதங்களிலேயே நின்றது. பின்னர் அட்ராசென்டான் வந்தபோது அளவைக் குறைத்து 0.75 மில்லிகிராம் கொடுத்தார்கள். நீர் தேங்கும் நோயாளிகளை முதலிலேயே கண்டு விலக்கினார்கள். 2019-இல் அந்த ஆய்வு சிறுநீரகப் பலனைக் காட்டியது. மருந்து வகை ஒன்றே. சிறுநீரகத்தைப் பார்த்துக்கொண்டே இதயத்தையும் பார்த்ததுதான் வேறுபாடு.

4. எந்த விலங்கு?

ஜப்பானின் சாங்கியோ நிறுவனத்தில் அகிரா எண்டோ ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நுண்ணுயிர் வகைகளைச் சோதித்து, 1973-இல் ஒரு பூஞ்சையிலிருந்து கொழுப்பு உற்பத்தியைத் தடுக்கும் காம்பாக்டினைப் பிரித்தார். அதை எலிகளுக்குக் கொடுத்தபோது ரத்தக் கொழுப்பு குறையவே இல்லை. அத்தோடு கைவிட்டிருக்கலாம். அவருடைய சக ஊழியர் கிட்டானோ முட்டைக்கோழிகள் வைத்திருந்தார். கொழுப்பு மிகுந்த முட்டையிடும் கோழியின் ரத்தத்திலும் கொழுப்பு மிகுதியாகத்தானே இருக்கும் என்று எண்டோ யோசித்தார். கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது கொழுப்பு ஏறத்தாழ பாதியாக இறங்கியது. பின்னர் நாய்களிலும் குரங்குகளிலும் அதுவே நடந்தது. எலியில், தடுக்கப்பட்ட நொதியைக் கல்லீரல் பன்மடங்கு பெருக்கிக்கொண்டதே முதல் தோல்விக்குக் காரணம். ஸ்டேட்டின் என்ற மருந்து வகை முழுவதும் அந்தக் கோழிகளுக்குக் கடன்பட்டிருக்கிறது. எண்டோ 2024-இல் மறைந்தார்.

இதன் மறுபக்கம் டோர்செட்ரபிப். நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல்லை உயர்த்த, சிஇடிபி என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்து அது. 15,067 பேரிடம் நடந்த ஆய்வு 2006 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. மருந்து பெற்ற அணியில் 93 மரணங்கள், மற்றதில் 59. சிஸ்டாலிக் ரத்த அழுத்தம் சராசரியாக 5.4 புள்ளி ஏறியிருந்தது. ஏன் என்று சொன்னது, சிஇடிபி புரதமே இயற்கையில் இல்லாத எலி. இலக்கே இல்லாத அந்த விலங்குக்கும் இம்மருந்து ரத்த அழுத்தத்தை ஏற்றியது. ஆல்டோஸ்டீரோன் சுரப்பைக் கூட்டியது. ஆகவே தீமை சிஇடிபி தடுப்பால் வரவில்லை, மூலக்கூறின் வேறொரு செயலால் வந்தது என்று தெளிவானது. மருந்தின் பலனைச் சோதிக்க அந்த எலி உதவாது. மருந்தின் பக்கவிளைவு எங்கிருந்து வருகிறது என்று கேட்க அதைவிடப் பொருத்தமான விலங்கு இல்லை. இந்தக் கேள்வி, ஆய்வு நின்றபிறகு கேட்கப்பட்டது என்பதுதான் வருத்தம்.

நம் கூடங்களில் மிகுதியாகப் புழங்கும் சி57 பிளாக் 6 சுண்டெலியை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகத்தில் ஆறில் ஐந்து பங்கை நீக்கினாலும் அது எளிதில் தழும்பேறுவதில்லை. 129 வகைச் சுண்டெலி எளிதில் நோயுறும். கிடைக்கிறது, விலை குறைவு என்பதற்காக முதல் வகையை வாங்கி, “மருந்து சிறுநீரகத்தைக் காத்தது” என்று எழுதினால், எதிலிருந்து காத்தது என்ற கேள்விக்கு விடை இருக்காது.

5. நீர்க்கட்டிச் சிறுநீரகம்: இரண்டு மருந்து வகைகள், இரண்டு முடிவுகள்

மரபுவழி வரும் நீர்க்கட்டிச் சிறுநீரக நோயில் இரண்டு மருந்து வகைகள் விலங்குகளில் நன்கு வேலை செய்தன. வாசோபிரெசின் ஹார்மோன் சிஏஎம்பி என்ற சமிக்ஞையைப் பெருக்கி நீர்க்கட்டிகளை ஊதச் செய்கிறது என்ற காரணத்தின் அடிப்படையில், 2003-இல் கட்டோன் முதலானோர் அந்த ஹார்மோனின் ஏற்பியைத் தடுத்து, எலியிலும் சுண்டெலியிலும் நோயைத் தணித்தார்கள். வாசோபிரெசின் இல்லாமலே பிறக்கும் எலி வகையோடு நோயுற்ற எலியை இனக்கலப்புச் செய்தபோது கட்டிகள் பெரிதும் குறைந்தன. அந்த ஹார்மோனை ஒத்த பொருளைக் கொடுத்தபோது மீண்டும் வந்தன. இதைவிடத் தெளிவான சோதனையை நினைத்துப் பார்ப்பது கடினம். அதே ஏற்பியைத் தடுக்கும் டால்வாப்டான் 2012-இல் 1,445 நோயாளிகளிடம் சிறுநீரகம் பருப்பதை ஆண்டுக்கு 5.5 விழுக்காட்டிலிருந்து 2.8-ஆகக் குறைத்தது.

இரண்டாவது வகையான, எம்டிஓஆர் என்ற புரதத்தைத் தடுக்கும் சிரோலிமஸும் எவரோலிமஸும் எலிகளில் அருமையாக வேலை செய்தன. 2010-இல் வந்த இரண்டு மனித ஆய்வுகளிலும் சிறுநீரகச் செயல்பாட்டைக் காக்கவில்லை. எலி தாங்கிய அளவை மனிதர் தாங்க முடியாது. மனிதர் தாங்கும் அளவில் சிறுநீரகத் திசுவுக்குள் மருந்து போதிய அளவு வேலை செய்யவில்லை என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். எலியின் ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருந்தது, அதை மனிதரிடம் எட்ட முடியுமா என்ற கணக்கு எந்த முன்னாய்வுக் கட்டுரையிலும் முதல் அட்டவணையாக இருக்க வேண்டும் என்று நான் என் மாணவர்களிடம் சொல்வதுண்டு.

6. நம் ஆய்வுக்கூடங்களுக்கு

இங்கிருந்து நம் வேலைக்கு வருகிறேன். நம் மருந்தியல் துறைகளில் ஆண்டுதோறும் பல ஆய்வேடுகள் ஒரே வார்ப்பில் வருகின்றன: ஒரு மூலிகைச் சாறு, எலிக்கு ஒரு நச்சு, கிரியேட்டினினும் யூரியாவும் குறைந்தன, ஆகவே சிறுநீரகத்தைக் காக்கிறது. நச்சுக்கு முன்பே சாற்றைக் கொடுத்துவிடுகிறோம். நோய் வருவதற்கு முன் மருந்தோடு காத்திருக்கும் நோயாளி எவரும் இல்லை. எலியின் வயது எட்டு முதல் பன்னிரண்டு வாரம். பெரும்பாலும் ஆண் எலி. வேறு நோய் கிடையாது. நம் வெளிநோயாளிப் பிரிவில் அமர்ந்திருப்பவரோ அறுபது வயதுப் பெண்மணி. நீரிழிவு, ரத்த அழுத்தம், ரத்தசோகை மூன்றும் உள்ளவர்.

விலங்கை எந்த அணியில் சேர்ப்பது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிப்பது, எந்த அணி என்று தெரியாதவர் திசுவைப் பார்ப்பது, விலங்குகளின் எண்ணிக்கையை முன்கூட்டியே கணக்கிடுவது ஆகியவற்றை 2010-இல் வெளிவந்து 2020-இல் திருத்தப்பட்ட அரைவ் வழிகாட்டுதல்கள் கேட்கின்றன. இவற்றுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஏழைக் கல்லூரியிலும் நாளையே தொடங்கலாம்.

2022 இறுதியில் அமெரிக்காவும் 2023-இல் இந்தியாவும் தத்தம் மருந்துச் சட்ட விதிகளைத் திருத்தி, விலங்கு சாராத முறைகளுக்கும் வழிவிட்டிருக்கின்றன. மனித ஸ்டெம் செல்லிலிருந்து வளர்க்கும் சிறு சிறுநீரகத் திசுக்கள், சில்லுக்குள் ஓடும் ரத்தக்குழாய் மாதிரிகள் ஆகியவை வளர்ந்து வருகின்றன. நான் அவற்றை முழுமனதோடு வரவேற்கிறேன். விலங்கின் உயிருக்கு நாம் பொறுப்பேற்றவர்கள்; விடை தராத சோதனைக்கு அதைப் பலியிட நமக்கு உரிமை கிடையாது. ஆனால் உடலின் ரத்த அழுத்தம் ஒன்று, முடிச்சுக்குள் உள்ள அழுத்தம் வேறொன்று என்ற உண்மையை, இதயமும் சிறுநீரகமும் சேர்ந்து ஓடும் உயிருள்ள உடல்தான் காட்டியது. அப்படிப்பட்ட கேள்விகளுக்கு இன்னும் சிலகாலம் விலங்கு தேவைப்படும். அந்தக் கேள்விகளுக்கு மட்டுமே அதைப் பயன்படுத்துவோம்.

நிறைவாக மூன்று வேண்டுகோள்கள். விலங்கு ஆய்வு நெறிக்குழுக்களில் அமர்ந்திருக்கும் பேராசிரியர்களே, சிறுநீரக மருந்துக்கான விண்ணப்பம் வந்தால் அந்த விலங்கின் இதயத்தையும், இதய மருந்துக்கான விண்ணப்பம் வந்தால் அதன் சிறுநீரகத்தையும் அளக்கச் சொல்லுங்கள். ஆண், பெண் இருபால் விலங்குகளையும் சேர்க்கச் சொல்லுங்கள். பல்கலைக்கழகத்தாரே, “மருந்து வேலை செய்யவில்லை” என்று முடியும் ஆய்வேட்டுக்கும், அளந்த முறை சரியாக இருந்தால், முனைவர் பட்டம் கொடுங்கள். அந்த முடிவை அச்சிடப் பொருளுதவியும் செய்யுங்கள். ஆய்வு மாணவர்களே, உங்கள் அடுத்த விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில், இந்த விலங்கிடம் எந்த ஒரு கேள்வியைக் கேட்கிறீர்கள் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அந்த வாக்கியத்தை எழுத முடியாவிட்டால், எலிகளை வாங்க வேண்டாம்.